நின்றுபோன டிரம்மை ஓடுவதாகக் காட்டிய உங்கள் டிஜிட்டல் ட்வின்: ஐந்தாவது புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், தோல் பதனிடும் ஆலை,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கிண்டி அலுவலகம், சென்னை.

ஐயா,

வணக்கம். தோல் பதனிடும் எங்கள் டிரம் எப்படி ஓடுகிறது என்று போன் திரையில் அப்படியே காட்டும் இரட்டை என்று சொல்லி நீங்கள் விற்ற டிஜிட்டல் ட்வின் பற்றி இதற்கு முன் நான்கு முறை மெயில் அனுப்பினேன். நான்குக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதில். அதனால் இந்த முறை தபாலில், கையெழுத்து வாங்கிக்கொள்ளும்படி அனுப்புகிறேன்.

மூன்றாம் நம்பர் டிரம்மில் நடந்தது உங்கள் சர்வரிலேயே பதிவாகி இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். சென்ற மாதம் 11ஆம் தேதி இரவு உள்ளே 1,200 ஆட்டுத் தோல். தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பு போட்டு இரவு முழுக்க ஓட விட்டிருந்தோம். விடிகாலை நாலரைக்கு சோடா போடப் போன மேஸ்திரி பார்த்தால் மோட்டார் மட்டும் ஓடுகிறது, டிரம் நிற்கிறது. மூன்று வி பெல்ட்டும் அறுந்து கீழே கிடந்தன. ரப்பர் கருகிய வாடை. அவர் கையில் இருந்த போனில், உங்கள் திரையில், அதே டிரம் பச்சை நிறத்தில் நிமிஷத்துக்கு 10 சுற்று சுற்றிக்கொண்டிருந்தது.

பெல்ட் மாற்றி, மிச்ச வேலையை முடித்து, தோல் பதமாகிவிட்டதா என்று மறுநாள் துண்டு வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்த்தோம். அடியில் குரோம் தண்ணீரில் கிடந்த தோல் அப்படியே நின்றது. மேலே கிடந்தது சுருண்டுவிட்டது. பாதித் தோல் திட்டுத் திட்டாக வெளுப்பு, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு. என் அப்பாவும் நானும் முப்பது வருஷமாகச் சேர்த்த பெயர் அந்த ஒரே ராத்திரியில் போய்விட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்கள் இனி எங்களை வாசலிலேயே நிறுத்துவார்கள். ஒரு கோடி கொடுத்தாலும் அது திரும்பி வராது.

இரவில் ஏன் ஆள் நிற்கவில்லை என்று உங்கள் எஞ்சினியர் கேட்டார். முன்பெல்லாம் ஆள் நின்றுகொண்டுதான் இருந்தார். "இனி டிரம் பக்கத்தில் ஆள் தேவையில்லை, ட்வின் பார்த்துக்கொள்ளும்" என்று விற்க வந்தவர் சொன்னதை நம்பித்தான் அவரைச் சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்றினோம்.

உங்கள் போன் ஆளைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. 12ஆம் தேதி காலை ஒன்பதேகாலுக்குப் பேசியவர். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு வந்து, "டிரம் சுற்றலைன்னா அது உங்க மெக்கானிக்கல் பிரச்சினை, எங்க ட்வின் சரியாத்தான் சுற்றுது" என்றார். சுற்றாததைச் சுற்றுவதாகக் காட்டுவதுதானே ஐயா புகாரே! அதைச் சொன்னதும், "பெரியவரே, வீட்ல படிச்ச பசங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றார். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அவர் பிறந்தே இருக்க மாட்டார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, படித்த பையனிடமே கொடுத்தேன். என் மகன் எஞ்சினியரிங் படிக்கிறான். உங்கள் இரண்டாவது பக்க கிராஃபைத் திறந்து அவன் காட்டியது இது: இரவு 1.40க்கு மோட்டார் இழுக்கும் கரண்ட் 22 ஆம்பியரிலிருந்து 9க்கு விழுந்திருக்கிறது. சுமை போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். சுற்று எண்ணை மட்டும் நீங்கள் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவிலிருந்து எடுக்கிறீர்கள். டிரம்மில் ஒரு சென்சார்கூட இல்லை. மோட்டார் ஓடினால் டிரம்மும் ஓடும் என்று நீங்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டீர்கள். ஆம்பியரையும் சுற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் 1.41க்கே எங்கள் போன் அடித்திருக்கும். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றதுக்கும் உடம்பு சுடும் என்பார்கள். இது என்ன இரட்டை?

அவன் இன்னொன்றும் சொன்னான். இயந்திரத்திலிருந்து திரைக்கு மட்டும் தகவல் தானாக வந்தால் அது டிஜிட்டல் நிழல். திரையிலிருந்து இயந்திரத்துக்கும் திரும்பப் போனால்தான் ட்வின். நீங்கள் கொடுத்தது நிழல்கூட இல்லை. ஆள் நின்றால் நிழலும் நிற்கும்.

விற்க வந்தபோது அப்போலோ 13 கதை சொன்னீர்கள். 1970இல் வானத்தில் ஆக்சிஜன் டேங்க் வெடித்ததும், தரையில் இருந்த சிமுலேட்டர்களை மேலே உள்ள நிலைமைக்குத் தக்கபடி மாற்றி வைத்து, ஒவ்வொன்றையும் அதில் செய்து பார்த்துத்தான் மூன்று பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள் என்று. அது உண்மைதான். அங்கே மேலே உடைந்தது கீழேயும் உடைந்ததாகக் காட்டியது. 4,80,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எனக்கு நீங்கள் காட்டியது வெறும் படம்.

18ஆம் தேதி நேரில் வரச் சொன்னீர்கள். விடியுமுன் ஆம்பூருக்குப் போய் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, பார்க்கிலிருந்து மின்சார ரயிலில் கிண்டி வந்தேன். அறுந்த பெல்ட்டையும் சுருண்ட தோலையும் பையில் கொண்டுவந்தேன். மேனேஜர் லீவு என்றார்கள். அதை முந்தின நாளே சொல்லியிருக்கலாமே! தோல் வாடை அடிக்கிறது என்று பையை வெளியே வைக்கச் சொன்னாள் வரவேற்பில் இருந்த பெண். வைத்தேன்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. தயவுசெய்து டிரம்மின் மேலேயே சுற்று எண்ணும் சென்சார் வையுங்கள். ஆம்பியர் விழுந்தால் போன் அடிக்கட்டும். எந்த எண் எத்தனை மணிக்கு வந்தது என்று திரையில் தெரியட்டும். அந்த லோடுக்கு நஷ்ட ஈடும், இந்த வருஷப் பராமரிப்புப் பணம் 60,000 ரூபாயும் திருப்பித் தாருங்கள். அந்தப் போன் ஆள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை விட மாட்டேன்.

15 நாளில் ஆள் வரவில்லை என்றால் வேலூரில் வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் அனுப்புவேன். வியாபாரத்துக்கு வாங்கியது நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது என்று உங்கள் ஆள் சட்டம் பேசினார். நிற்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்வோம், இல்லையென்றால் சிவில் கோர்ட் இருக்கிறது. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உங்கள் ஆட்கள் இனி எந்த டேனரி வாசலில் போய் நின்றாலும், எனக்கு முன்பே போன் வந்துவிடும்.

பெல்ட்டையும் தோலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவோம். மற்ற எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
ஆலை உரிமையாளர்