வாயால் மன்னித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இஸ்லாம் போற்றும் மன்னிப்புக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் கி.பி. 630-இல் நடந்த மக்கா வெற்றியைச் சொல்வார்கள். தம்மை ஊரைவிட்டே விரட்டியவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) பொதுமன்னிப்பு வழங்கினார்கள். ஆனால் என் மனத்தை அதிகம் உலுக்குவது ஒரு குடும்பத்துக்குள் நடந்த சம்பவம்.

மதீனாவில் நபிகளாரின் மனைவி அன்னை ஆயிஷா (ரலி) மீது அவதூறு கிளம்பியபோது அதைப் பேசியவர்களில் மிஸ்தஹ் என்பவரும் ஒருவர். ஏழை. ஆயிஷாவின் தந்தை அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு உறவினர். அவர்கள் தந்த உதவியில்தான் வாழ்ந்துவந்தார். மகளைப் பழித்தவருக்கு இனி எதுவும் தரமாட்டேன் என்று அபூபக்ர் சத்தியம் செய்தார்கள். எந்தத் தகப்பனுக்குத்தான் கோபம் வராது? அப்போதுதான் குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தின் 22-ஆம் வசனம் இறங்கியது. மன்னித்துவிடுங்கள், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்று அது கேட்கிறது. "விரும்புகிறேன்" என்ற அபூபக்ர், நிறுத்திய உதவியை மறுபடியும் தொடங்கினார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. அதே அத்தியாயம்தான் அவதூறுக்கு 80 கசையடி என்கிறது. பதிலடி கொடுக்கும் உரிமையையும் குர்ஆன் மறுக்கவில்லை (அத்தியாயம் 42, வசனம் 40). அதே வசனத்தில், மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் இருப்பதாகவும் சொல்கிறது.

சொத்துத் தகராறில் வருடக்கணக்காகப் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் எத்தனையோ பேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை உரைகளில் மிஸ்தஹின் கதையை, அந்த உதவி தொடர்ந்ததையும் சேர்த்து, இமாம்கள் அடிக்கடி சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகர்