வடக்கு டகோட்டாவின் குளிரில் உதவிய பெரியவருக்கு நன்றி

கடந்த ஜனவரியில், அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோவிலிருந்து பிஸ்மார்க் செல்லும் 94ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓய்விடத்தில் என் கார் மீண்டும் கிளம்ப மறுத்த இரவில், பெயரைக்கூடச் சொல்லாமல் உதவிய பெரியவருக்கு இப்பதிவின் வழியே நன்றி கூறுகிறேன். வெப்பநிலை மைனஸ் 31 டிகிரி செல்சியஸ். காற்றும் வீசும்போது அந்தக் குளிரில் மூடப்படாத தோல் சில நிமிடங்களிலேயே உறையத் தொடங்கும் என்பதையும், பேட்டரி தன் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும் என்பதையும் வெப்ப நாட்டில் வளர்ந்த நான் ஏட்டளவில் மட்டுமே அறிந்திருந்தேன்.

அவருடைய பிக்கப் வண்டியில் கருக்கலைப்பை எதிர்க்கும் வாசகம் ஒட்டப்பட்டிருந்தது (அதைக் கண்டு சற்றுத் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்). கேபிள் இணைத்து பேட்டரிக்கு மின்னேற்றம் நடக்கையில் என்னைத் தம் வண்டிக்குள் அமரவைத்த அவர், கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக ஏற்ற 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது தம் நெடுநாள் ஜெபத்திற்குக் கிடைத்த பதில் என்றும், தவிப்பவருக்கு உதவுவது அரசைவிடத் திருச்சபையின் கடமை என்றும் சொன்னார். முதற்கருத்தை நான் ஏற்கவில்லை; அதைச் சொன்னபோது அவர் கோபப்படவுமில்லை.

இரவில் இன்ஜினைச் சூடாக வைத்திருக்கும் பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் செருகிவைக்க மறக்க வேண்டாம் என்று இருமுறை அறிவுறுத்திவிட்டுச் சென்றார். அவர் கொடுத்த தோல் கையுறைகள் இன்னும் என்னிடமே உள்ளன.