வரும்போது அவளைப் பார்க்காதே

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. டிசம்பரில் வர பெர்த்திலிருந்து டிக்கெட் போட்டுவிட்டாய் என்று அப்பா சொன்னார். சந்தோஷம். போனில் சொல்லலாம் என்றால் பாப்பா நடுவில் புகுந்துவிடுகிறாள். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். விஷயம் நம் வீட்டு நாய் மிளகைப் பற்றியது. முழுவதும் படி, மருமகளுக்கும் படித்துக் காட்டு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒன்பது வயதில் நீ நாய் வேண்டும் என்று அழுதபோது, "வீவக வீட்டில், இந்த அரசு அடுக்குமாடியில், நாயே வளர்க்கக் கூடாதுடா, ஆபீசர் வந்துவிடுவார்" என்றேன். பொய். சின்ன ஜாதி நாய் ஒன்று வைத்துக்கொள்ள அப்போதும் அனுமதி இருந்தது. எனக்குத்தான் முடி கூட்ட மனமில்லை. உண்மையில் கதவு மூடியிருந்தது இந்த ஊர்த் தெருநாய்களுக்கு, சிங்கப்பூர் ஸ்பெஷல் என்கிறார்களே, அவற்றுக்கு. 2012இல் அடோர் திட்டம் தொடங்கிய பிறகுதான் அவை நம் வீடு மாதிரி வீடுகளுக்குள் வர முடிந்தது. அதற்கும் அளவு உண்டு. தோள்வரை 55 சென்டிமீட்டருக்குமேல் இருக்கக் கூடாது, வீட்டுக்கு ஒன்றுதான். மிளகு 52. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இப்படி உயரம் கேட்டதில்லை என்றார் அப்பா.

அவள் சுங்கை காடுட்டில் ஒரு மரப்பட்டறைக்குப் பின்னால் வளர்ந்தவள். தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தகுந்த இடத்தில் திரும்ப விடுவதுதான் 2018இலிருந்து இங்கே நடக்கும் ஏற்பாடு. இவள் இருந்த பட்டறையை இடிக்கப்போகிறார்கள் என்பதால் விட இடமில்லை. சுங்கை தெங்காவில் ஒரு காப்பகத்தில் ஒன்றரை வருஷம் கிடந்தாள். தத்தெடுக்க வந்தவர்கள் எல்லாரும் வாலாட்டிக்கொண்டு கம்பிக்குப் பக்கம் வந்த நாய்களைத்தான் பார்த்தார்கள். இவள் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு நின்றாள். முன்பள்ளியில் இருபது வருஷம் வேலை பார்த்தவளுக்கு, முதல் நாள் வகுப்பில் பையைக் கழற்றாமல் மூலையில் நிற்கிற பிள்ளைமேல்தான் கண் போகும். அதுதான் நடந்தது.

சீனப் புத்தாண்டு முடிந்த மறு வாரம் கூட்டி வந்தோம். கூடத்தில் நான் விரித்துவைத்த புது மெத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பாம் ஷெல்டருக்குள், குண்டு விழுந்தால் ஒளியக் கட்டிய அந்த அறைக்குள் போய், முறுக்கு டின்னுக்கும் பழைய தையல் மிஷினுக்கும் நடுவே நுழைந்துகொண்டாள். ஜன்னல் இல்லை, சுற்றிலும் தடித்த கான்கிரீட் சுவர், ஒரே ஒரு வாசல். யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டிலேயே புத்திசாலித்தனமான இடம் அதுதான். இருபது வருஷமாக நாம் அதைச் சாமான் அறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவள்தான் அதைக் கட்டிய காரணத்துக்காகப் பயன்படுத்துகிறாள். இப்போது இரும்புக் கதவு சாத்தாமல் இருக்கக் கட்டி வைத்திருக்கிறேன்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகத்துப் பிள்ளைகள் ஒரு கணக்கு சொன்னார்கள். மூன்று நாளில் மிரட்சி கொஞ்சம் குறையும், மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் நம் வீடு என்று ஆகிவிடும். நம் வீட்டில் அந்தக் கணக்கு செல்லவில்லை. மூன்றாவது வாரம்தான் பகல் வெளிச்சத்தில் வெளியே தலையை நீட்டினாள். அதுவரை சாப்பாடு, தண்ணீர், மற்றதெல்லாம் நாங்கள் தூங்கிய பிறகு. காலையில் எழுந்து மாப் போடுவது அப்பா வேலை.

அடித்திருப்பார்களோ என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அடி வாங்காமலேயே ஒரு நாய் இப்படி ஆகலாமாம். பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆவது வாரம் வரைதான் குட்டிக்கு உலகம் பழகுகிற காலம். அதற்குள் மனிதக் கை, மிக்ஸி, குடை, சக்கர நாற்காலி, சின்னப் பிள்ளை எல்லாவற்றையும் நல்லபடியாகப் பார்த்துவிட்டால் பிறகு பயமில்லை. அந்த வயதில் இவள் பார்த்தது மரத்தூளும் லாரியும்தான். அதற்குப் பிறகு கற்றுக்கொள்ள முடியாது என்றில்லை, மெதுவாகத்தான் வரும்.

நாங்கள் செய்த தப்புகளைச் சொன்னால்தான் உனக்குப் புரியும். நாலாவது நாள் "நாறுதே" என்று வெளியே இழுத்து நான் குளிப்பாட்டிவிட்டேன். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அப்பா இன்னும் ஒருபடி மேல். அவள் சாப்பிடும்போது பாசமாகத் தலையைத் தடவப் போனார், மேலிருந்து கையை இறக்கி. உறுமினாள். "சோறு போடுகிற கையையா!" என்று தமிழ் முரசைச் சுருட்டி மேசையில் ஒரு தட்டு. அவள் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டாள். அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

பயிற்சி சொல்லித்தர வருகிற சீனப் பெண் அப்போதுதான் விளக்கினாள். உறுமலைத் திட்டவே கூடாது. அது "கிட்டே வராதே" என்று நாய் மரியாதையாகச் சொல்வது. அதைத் திட்டி நிறுத்திவிட்டால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை நேரே பல்தான். உறுமலுக்கும் முன்னால் அவள் நாலைந்து தடவை சொல்லியிருப்பாளாம், நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, ஒன்றுமே சாப்பிடாமல் நாக்கால் மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, அப்படியே உறைந்து நிற்பது. இதையெல்லாம் பாப்பாவுக்கு இப்போதே விளையாட்டாகச் சொல்லிக்கொடு. மூன்று வயதுக்குக் கொட்டாவி நன்றாகப் புரியும்.

அப்புறம் நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். தரையில் உட்கார்ந்தேன். ஷெல்டர் வாசலுக்கு ஏழெட்டு அடி தள்ளி, அவளுக்கு முதுகும் தோளும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில், கையில் பேப்பர். தினம் அரை மணி நேரம். பேப்பர் சரசரத்தால் உள்ளே ஓடிவிடுவாள். பக்கத்தை எச்சில் தொட்டு, மெல்ல, சத்தமில்லாமல் திருப்பக் கற்றுக்கொண்டேன். வேகவைத்த கோழியை நகக்கண் அளவுக்குப் பிய்த்து வீசுவேன், உப்பு கிடையாது, வெங்காயம் கூடவே கூடாது, நாய்க்கு அது விஷம். அதையும் என் பக்கம் இழுக்கிற மாதிரி வீசக் கூடாது. அவளுக்குப் பின்னால் விழ வேண்டும். கிட்டே வந்தால்தான் கோழி என்றால், ஆசை ஒரு பக்கமும் பயம் ஒரு பக்கமுமாக இழுபட்டு நிற்பாள். பின்னால் விழுந்தால், போய் எடுத்துவிட்டு, தானாகத் திரும்பி ஓரடி முன்னால் வருவாள். அந்த ஓரடி அவளுடையது. முட்டி வலிக்கு டாக்டர் தரையில் உட்காராதே என்றதை இதில் சேர்க்கவில்லை.

ஏழு வாரம் இப்படியே. இரண்டடி தூரம் வரை வந்தாள். அதற்குமேல் ஒரு அங்குலம் வரவில்லை. எனக்குச் சலித்துவிட்டது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

மே மாதம் ஒரு மத்தியானம். நம் புளோக்குக்குப் பெயின்ட் அடிக்க வந்திருந்தவர்கள் கீழ்த்தளத்தில் அட்டை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டரிங் பொட்டலம், சோறும் சாம்பாரும். மிளகு பொதுவாக ஆண்களைப் பார்த்தாலே தூணுக்குப் பின்னால் பதுங்குவாள். அன்று நின்றாள். மூக்கு மட்டும் ஆடியது. அவர்களில் ஒரு தம்பி, புதுக்கோட்டைப் பக்கமாம், முப்பது வயது இருக்கும், எங்களைப் பார்க்கவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்னடி கருப்பி" என்றார் மெதுவாக, இலக்கில்லாமல், சுவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

வால் ஆடியது, தம்பி. நான் அந்த வால் ஆடிப் பார்த்ததே இல்லை.

பொட்டலத்தின் ஓரத்திலிருந்து வெறும் சோற்றில் ஒரு சின்ன உருண்டை பிடித்துத் தனக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி வைத்தார். மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். நான் குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பார்க்காதீங்கக்கா. பார்த்தா வராது. அது பாட்டுக்கு வரும்" என்றார். நான் தலையைத் திருப்பி லெட்டர் பாக்ஸ்களைப் பார்த்தேன். கையில் இருந்த கயிறு தளர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது உருண்டை இல்லை, அவள் அவருடைய பூட்ஸை மோந்துகொண்டிருந்தாள்.

பயிற்சிக்கு நான் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு இவளைத் தெரியாது, சுங்கை காடுட் பக்கம் வேலை பார்த்ததும் இல்லை. ஆனால் பட்டறையில் இவளுக்குச் சோறு வைத்தது அவர் மாதிரி ஒருவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காப்பகத்தில் எல்லாரும் இங்கிலீஷ். நாங்களும் ஏதோ நாய் என்றாலே இங்கிலீஷ்தான் தெரியும் என்பதுபோல "கம், கம், குட் கேர்ள்" என்றுகொண்டிருந்தோம். சாம்பார் வாசமும் "என்னடி"யும்தான் அவளுக்குத் தெரிந்த ஒரே நல்ல மனிதர். யாரோ ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர், தன் பொட்டலத்தில் பாதியை இவளுக்கு வைத்திருக்கிறார். அன்று மேலே வந்து தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, "இந்தாடி" என்றேன். இரண்டு நாளில் என் முட்டிமேல் மூக்கு வைத்தாள். ஈரமாக, சில்லென்று.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. லிஃப்ட் இன்னும் பெரும்பாடு. கதவு திறந்ததும் உள்ளே ஆள் இருந்தால் நாங்கள் ஏறுவதில்லை, அடுத்ததுக்கு நிற்போம். பத்தாவது மாடி மக்சிக்குக்கு, அந்த மலாய் அம்மாவுக்கு, நாயின் ஈர மூக்கு பட்டுவிடக் கூடாது, இவளுக்கு அந்நியர் கிட்டே நிற்கக் கூடாது. இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போகிறது. தூரத்தில் நின்றே அவர் "சாப்பிட்டாளா" என்று கேட்பார். ஜூனில் ஒரு தடவை லிஃப்ட் வாசலில் யாரோ தள்ளுவண்டியைத் தடாலென்று விட, பின்னால் இழுத்துக் கழுத்துப் பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். நாலு மாடி இறங்கி, படிக்கட்டு வளைவில் சுருண்டு கிடந்தாள். அன்றிலிருந்து கழுத்துப் பட்டைக்கு ஒரு கயிறு, மார்பு வாருக்கு ஒரு கயிறு, இரண்டும் என் கையில். வெளிக் கேட்டிலும் கம்பி வலை அடித்தாயிற்று.

தேசிய தின ஒத்திகைக்கு விமானங்கள் பறந்த சனிக்கிழமைகளில் ஷெல்டரை விட்டு வரவில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையும், மின்விசிறியை வேகமாக வைத்த சத்தமும் கொஞ்சம் உதவின. கீழ்த்தளத்தில் ஒரு சாவு வீடு, மூன்று நாள் மேளமும் தாளமும். அந்த மூன்று நாளும் பின்பக்கப் படிக்கட்டுதான். தீபாவளிக்குப் பயந்ததுதான் வீண். இங்கே 1972லேயே வெடியைத் தடை செய்துவிட்டார்களே. கம்பி மத்தாப்பின் புகைக்கு இரண்டு தும்மல், அவ்வளவுதான்.

சரி, இனி நீ செய்ய வேண்டியது. வீட்டு வாசலில் வந்து பெல் அடிக்காதே. கதவைத் திறந்து திடீரென்று நாலு பெட்டியும் மூன்று ஆளும் நின்றால் அவள் பழையபடி ஆகிவிடுவாள். கீழே சந்தித்து, கொஞ்ச தூரம் எல்லாரும் ஒரே பக்கமாக நடந்துவிட்டு, சேர்ந்தே மேலே போகலாம். பெட்டியை உருட்டாமல் தூக்கு. வீட்டுக்குள் வந்ததும் அவள் இல்லாத மாதிரி இரு. கண்ணைப் பார்க்காதே, பெயர் சொல்லிக் கூப்பிடாதே, கையை நீட்டாதே. நாற்காலியில் அவளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து உன் போனைப் பார், அதில் நீ கெட்டிக்காரன். அவளாக வந்து மோந்தால் மோக்கட்டும். இரண்டாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவளே பக்கத்தில் நின்றால் தாடைக்குக் கீழே மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடு. இன்னும் வேண்டுமென்றால் சாய்வாள். நகர்ந்தால், போதும் என்று அர்த்தம்.

பாப்பாவுக்கு மூன்றே சட்டம். ஷெல்டர் மிளகின் அறை, அதற்குள் போகக் கூடாது. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடக் கூடாது, கட்டிப்பிடிப்பது என்றைக்குமே கூடாது. பெரியவர் ஒருவர் இல்லாமல் இரண்டு பேரையும் ஒரே அறையில் ஒரு நிமிஷம்கூட விட மாட்டேன், நீ கோபித்தாலும் சரி. நடுவே குழந்தைத் தடுப்புக் கேட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பாப்பா கோழித்துண்டு வீசலாம். மிளகுக்குப் பின்னால் விழுகிற மாதிரி வீச இப்போதே பழக்கு, ஒரு பொம்மையை வைத்து.

மருமகளுக்கு நாய் பயம் என்று தெரியும். அதில் எனக்குக் கவலையே இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பார்கள், முதலில் சிநேகமாகப் போவது அவர்களாகத்தான் இருக்கும்.

சாங்கியில் டாக்சி ஏறியதும் மெசேஜ் போடு. நானும் அவளும் கார் பார்க்குக்குப் பக்கத்து மரத்தடியில் நிற்போம். அப்பா மேலே இருப்பார், தோசைக் கல்லைப் போட்டுவைப்பார். இரண்டு வருஷம் ஆகிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்ளாதே. பாப்பா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வா. மற்றதெல்லாம் மேலே போய்.

அம்மா