நடையையும் சீட்டில் எழுதுங்கள், டாக்டர்

சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் எழுதும் சீட்டுகளை வாசிப்பதுதான் என் பிழைப்பு. கையெழுத்தைப் பற்றிய புகார் எதுவும் இந்த மடலில் இல்லை. அது எங்களுக்குப் பழகிவிட்டது. சீட்டில் எழுதாமல் விடுகிற ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் என்றால் 500 மில்லிகிராமா, 1,000 மில்லிகிராமா, காலை-மதியம்-இரவு கணக்கில் 1-0-1 ஆ, 0-0-1 ஆ, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாளைக்கு என்று எல்லாம் தெளிவாக இருக்கும். நடை மட்டும், நோயாளி எழுந்து கதவுப் பக்கம் போகும்போது வாய்வார்த்தையாக வரும்: "நன்றாக நடக்க வேண்டும், சரியா?" சில சீட்டுகளின் அடியில் ‘வாக்கிங்’ என்று எழுதி ஒரு கோடு இழுத்திருக்கும். அளவும் இல்லை, வேளையும் இல்லை. வெளியே இன்னும் இருபது பேர் காத்திருக்கும்போது உங்களிடம் கேட்கத் தயங்கிய கேள்விகளை எல்லாம் என் கடையில் வந்து கேட்கிறார்கள். எவ்வளவு தூரம்? காலையிலா, மாலையிலா? சாப்பிட்டவுடன் நடக்கலாமா? முட்டி வலிக்கிறதே, பரவாயில்லையா?

நடைக்கு மாத்திரைக்குச் சமமான இடம் கேட்பது மிகை அல்ல. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது, நீங்கள் படித்திருப்பீர்கள். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவுக் கட்டுப்பாட்டோடு தினமும் அரை மணி நேரமாவது நடக்கும்படி தொடர்ந்து வலியுறுத்தப்பட்டவர்களில் 39 பேருக்கு வந்தது. மெட்ஃபார்மின் தரப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 பேருக்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் அதற்கு மேல் பலன் கூடவில்லை. அதாவது நடையும் சோற்றின் அளவும் சேர்ந்து மாத்திரையோடு தோளுக்குத் தோள் நின்றிருக்கின்றன. நம் ஊர் உடம்புகளில், நம் ஊர்ச் சாப்பாட்டின் மேல் நடந்த ஆய்வு இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அந்த வாசலில் நிற்கிறார்கள். "பார்டர்தான், பயப்பட வேண்டாம்" என்று நீங்கள் அனுப்பிவைக்கும் இவர்கள் கையில் பெரும்பாலும் சீட்டே இருப்பதில்லை. இவர்களுக்குத்தான் முதலில் எழுதித் தர வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே நோய் உள்ள யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அந்த ஆய்வு நோய் வருவதைத் தடுப்பது பற்றியது. நடந்தால் போதும் என்று மருந்தை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கால் புண்ணோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேளை பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் நோயாளிக்குத் தெரியாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும், இயங்குகிற தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் சர்க்கரை ஏறுகிற நேரத்தில் நடப்பதுதானே கெட்டிக்காரத்தனம்? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் 30 நிமிடம் நடந்த நாட்களைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்த நாட்களில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். ஆய்வில் இருந்தவர்கள் 41 பேர்தான். ஆனால் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒன்பது மணிக்கு நான்கு தோசை, அப்புறம் தொலைக்காட்சி, அப்புறம் படுக்கை. அந்தப் பத்து நிமிடத்தைத் தெருவில் நடந்தால் ஆகிற செலவு ஒன்றுமில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து மகாமகக் குளத்தைச் சுற்றினால்தான் நடை என்று நம்பிக்கொண்டு, எழ முடியாததால் நடக்காமலே இருக்கும் எத்தனையோ பேருக்கு இதை யாரும் சொன்னதில்லை.

அந்த விடிகாலை நடையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டி, பூங்கா நாற்காலியில் சாய்ந்தவரை ‘களைப்பு’ என்று விட்டுவிடுகிறார்கள். சட்டைப் பையில் நான்கு மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொல்ல அரை நிமிடம் ஆகாது.

அளவுக்கு வருவோம். கைப்பேசி வந்த பிறகு எல்லோரும் நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்கிறார்கள். 1965இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்கப் பிடித்த எண் அது. எந்த மருத்துவரும் சோதித்து முடிவுசெய்ததல்ல. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள ஏறத்தாழ 17,000 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2019இல் வந்தது. நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்தானே நிறைய நடக்க முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். இருந்தாலும் மூவாயிரத்தில் மூச்சு வாங்கி, ‘பத்தாயிரம் எனக்கு ஆகாது’ என்று அடியோடு விட்டுவிட்ட அறுபது வயது அம்மாவிடம் இந்த 4,400ஐச் சொன்னால் மறுபடி செருப்பை மாட்டுவார். உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்புதான்; ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அந்த அடையாளம் போதும்.

"வீட்டிலேயே நாள் முழுக்க நடந்துகொண்டுதானே இருக்கிறேன்" என்பார்கள் பெண்கள். பொய் இல்லை. ஆனால் அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையிலான அந்த நடையில் மூச்சு வேகம் எடுப்பதே இல்லை. ஆண்களுக்கு நடை முடிந்ததும் டீக்கடையும் இரண்டு பஜ்ஜியும் உண்டு, அதை இங்கே விட்டுவிடுகிறேன். பெண்களுக்கு இருட்டில் தெருவில் நடக்கத் தயக்கம், நாய் பயம், முட்டி வலி. மூட்டு தேய்ந்துவிட்டது, அதிகம் நடக்காதீர்கள் என்று உங்களில் சிலரே சொல்லியும் அனுப்புகிறீர்கள். தேய்ந்த மூட்டுக்கும் சமதளத்தில் அளவான நடை வலியைக் குறைக்கும் என்பதுதானே இன்றைய வைத்திய நூல்களின் நிலை? மொட்டை மாடியில் ஐந்து ஐந்து நிமிடமாக நடக்கலாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் வீட்டார் அதை மதிப்பார்கள். நான் சொன்னால், மருந்துக்கடைக்காரர் ஏதோ சொன்னார் என்பதோடு போய்விடும்.

பாதத்தைப் பற்றி இன்னும் கோபமாகவே எழுத வேண்டும். பூங்காக்களில் எட்டு வடிவப் பாதை போட்டுக் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள். வெறுங்காலில் நடந்தால் சர்க்கரை ஓடிப்போகும் என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு செய்தி. உணர்ச்சி மரத்துப்போன பாதத்துக்குக் கல் குத்துவது தெரியாது, சூடு தெரியாது, கொப்புளம் தெரியாது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலில் போய்வந்து, நான்கு நாள் கழித்துக் களிம்பு கேட்டு வருகிறவர்கள் உண்டு. பக்தியில் குறுக்கிட நான் யார்? ஆனால் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். உணர்ச்சி குறைந்தவருக்கு எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு என்று எழுதுங்கள், போய்வந்ததும் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரசும் சும்மா இல்லை. ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்ல காரியம். புதிதாகத் தொடங்கும் நோயாளிக்கு 8 கிலோமீட்டர் மலைப்பாக இருக்கும் என்பதுதான் என் தயக்கம். 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்கள், "மாத்திரை போட்டீர்களா" என்று கேட்கும்போதே "நேற்று இரவு நடந்தீர்களா" என்றும் கேட்டால் அதற்குத் தனி நிதி வேண்டியதில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒரு வரி. மாத்திரைகளுக்குக் கீழே, அதே பேனாவில், தமிழில்: ‘நடை, 10 நிமிடம், 1-1-1, சாப்பாட்டுக்குப் பின், செருப்போடு.’ முடியாதவருக்கு 0-0-1. அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டையைக் கேட்பதுபோல் இதையும் கேளுங்கள். அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். அப்படி எழுதி வருகிற சீட்டுக்கு, மாத்திரைக் கவரில் வேளை எழுதும்போது நடைக்கும் ஒரு வெறும் கவரில் வேளை எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
கும்பகோணம்