மேஜையை வெளியே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த ஒரு கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கொரோனா ஊரடங்கைத் தளர்த்தியதும் ஜனங்கள் நாக்கு ருசிக்காக ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கி நோயை வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள், வீட்டில் பெண்கள் ஒழுங்காகச் சமைத்துப் போட்டால் யார் வெளியே போகப்போகிறார்கள் என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். அவர் வீட்டில் சமையல் யார் பொறுப்பு என்று தெரியவில்லை. நிச்சயம் அவர் இல்லை.

2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குக் கடைகளை அடைத்தார்களே, அன்றிலிருந்து எங்களைப் போன்றவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்த நேரம் குறைவு. எல்லாரும் வீட்டிலேயே இருந்தால் மூன்று வேளை என்பது ஆறு வேளை ஆகிவிடுகிறது. காலையில் புட்டு அவித்தால் ஒருவருக்குப் பயிறும் பப்படமும், ஒருவருக்குப் பழம், மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் அது இரண்டும் வேண்டாம், கடலைக்கறி போதும். பதினோரு மணிக்கு ஆன்லைன் வகுப்பில் இருந்து எழுந்து வருகிற பையன் என்னம்மா இருக்கு என்பான். நானும் வேலைக்குப் போகிறவள்தான், அந்த நாட்களில் வீட்டில் இருந்தே கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு வெளியே போய் ஆளுக்கு மூன்று பொரோட்டா சாப்பிட்டு வருவதை ஆடம்பரம் என்றால், ஆமாம், அந்த ஆடம்பரம் எனக்கு வேண்டும். ஜூன் 8-ஆம் தேதி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று திறந்துவிட்டு, ஜூலையும் ஆகஸ்டும் ஞாயிறு பார்த்து முழு ஊரடங்கு போட்டார்கள். சரி, அது போகட்டும்.

நோய் எங்கிருந்து வருகிறது என்று பெரியவர் தேடுகிறார் என்றால் இந்த 2021 ஏப்ரலை நினைத்துப் பார்க்கலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்ற இடைத்தேர்தலுக்கும் சேர்த்து 6-ஆம் தேதி ஓட்டுப் போட்டோம். அதற்கு முன்னால் ஒரு மாதம் எல்லாக் கட்சியும் எத்தனை கூட்டம் கூட்டியது என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டுப் போட்ட மை அழிவதற்குள், 10-ஆம் தேதி முதல் ஓட்டலில் பாதி நாற்காலிதான் என்று உத்தரவு வந்தது. இந்த 2021 ஆகஸ்டிலும் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று சட்டம், பந்தியில் இலை போடுகிறவர்களைக் கேட்டால் கணக்கு வேறாக இருக்கும். அங்கெல்லாம் வராத கொரோனா சுங்கான்கடைப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகையில் நாலு பேர் பொரோட்டா தின்றால் வந்துவிடும் என்பது எனக்குப் புரியவில்லை.

ஓட்டலில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஆனால் எல்லா ஓட்டலிலும் ஒரே மாதிரி இல்லை, அதைத்தான் அதிகாரிகளும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை.

இந்த வருஷம் ஜூலை 5-ஆம் தேதி ஓட்டல்களை மறுபடியும் திறந்த பிறகு நாங்கள் போன இரண்டு இடங்களைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒன்று மெயின் ரோட்டில் புதிதாகக் கட்டிய குடும்ப ஓட்டல். வாசலில் சீருடை போட்ட பையன் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடிக்கிறான், என் கணவருக்கு 94, எனக்கு 94, பையனுக்கும் 94. டாக்டரிடம் போனால் இந்த அளவுக்குக் குளிர்ந்துபோன குடும்பத்தை உடனே அட்மிட் செய்திருப்பார்கள். கையில் இரண்டு சொட்டு சானிடைசர். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம், நூலில் கட்டிய ஒரே பேனா, அதில் பெயர், ஊர், செல்போன் நம்பர். எனக்கு முன்னால் வந்த எல்லாப் பெண்களின் நம்பரும் அதில் திறந்து கிடக்கிறது, எனக்குப் பின்னால் வருகிறவன் என் நம்பரைப் பார்ப்பான். நான் கணவருடைய நம்பரை எழுதிவிட்டு உள்ளே போனேன். உள்ளே நாலு பக்கமும் கண்ணாடி, ஒரு ஜன்னல் திறக்காது, ஏசி ஓடுகிறது, ஒன்று விட்டு ஒரு மேஜையில் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். முன்னூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பிரியாணியில் கோழியைத் தேட வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று நான் மேலே சொன்ன கொட்டகை. மூன்று பக்கம் சுவரே இல்லை. பின்னால் தென்னந்தோப்பு, காற்று அந்தப் பக்கம் நுழைந்து இந்தப் பக்கம் போகிறது. மாஸ்டர் ரோட்டைப் பார்த்தபடி கல்லுக்கு முன்னால் நிற்கிறார். எண்ணெயில் ஊறிய உருண்டையைத் தட்டி, வீசி, துணி போல விரித்து, சுருட்டிக் கல்லில் போடுகிறார். வெந்த ஐந்தாறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் பட் பட் என்று அடித்து உதிர்த்துவிடுகிற வேகத்தில் அவர் மாஸ்க் தாடைக்கு இறங்கிவிடும், அதைத் தோளாலேயே தள்ளி ஏற்றிக்கொள்வார். வாழை இலையில் அதைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னா ஊற்றினால், இலை வாடுகிற வாசனையும் சேர்ந்து வரும். இதைப் பார்சலில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் பார்ப்போம். பார்வதிபுரம் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் பொரோட்டா வேர்த்து, ஆறி, செருப்பு மாதிரி ஆகிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அபராதம் கட்டியது கொட்டகைக்காரர். கூட்டமாக உட்கார வைத்தார் என்று. கண்ணாடி ஓட்டலில் நோட்டும் துப்பாக்கியும் சிவப்பு நாடாவும் சரியாக இருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

சீனாவில் குவாங்சோ நகரத்தில் 2020 ஜனவரி 24-ஆம் தேதி ஒரு ஓட்டலில் நடந்ததைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது. ஜன்னல் இல்லாத மூன்றாவது மாடி, ஏசி ஹால். நோய் வந்த ஒருவர் ஒரு மேஜையில் குடும்பத்தோடு சாப்பிட்டிருக்கிறார். ஏசிக் காற்று போய்த் திரும்புகிற பாதையில் இருந்த பக்கத்து இரண்டு மேஜைக் குடும்பங்களையும் சேர்த்து, மொத்தம் மூன்று குடும்பத்தில் 10 பேருக்கு வந்தது. அந்தப் பாதையில் இல்லாத மேஜைக்காரர்களுக்கு வரவில்லை, பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. காற்றில் பரவுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனமும் ஒத்துக்கொண்டுவிட்டது. அப்படியிருக்க நம் ஊரில் இன்னும் மேஜையைத் துடைப்பதிலும் நெற்றியைச் சுடுவதிலுமே நிற்கிறோம். மத்திய அரசு 2020 ஜூனில் ஓட்டல்களுக்குக் கொடுத்த வழிகாட்டுதலில்கூட ஏசியை 24-லிருந்து 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே வர வேண்டும் என்று இருக்கிறது. கண்ணாடி ஓட்டலில் யாராவது அதைக் கேட்டார்களா? பாதி நாற்காலி என்கிற கணக்கு எண்ணுவதற்கு வசதி, அவ்வளவுதான்.

பாதி நாற்காலி போட்டாலும் வாடகை முழுசு. இந்த வருஷம் கேஸ் சிலிண்டர் விலையும் ஏறியிருக்கிறது. செயலியில் ஆர்டர் எடுத்தால் அவர்களுக்குக் கமிஷன் போக மிஞ்சுவது என்ன என்று ஓட்டல்காரர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். இதைவிட அவர்களைக் கொன்றது உத்தரவு வருகிற விதம். இந்த வருஷம் ஏப்ரல் 24 சனிக்கிழமை அறிவிப்பு வருகிறது, ஞாயிறு முழு ஊரடங்கு, திங்கள் 26 முதல் பார்சல் மட்டும். சனிக்கிழமை காலையில் வார வியாபாரத்துக்கு இறைச்சிக்கும் மைதாவுக்கும் சொல்லி வைத்தவன் என்ன செய்வான்? கொட்டகைக்காரர் என்னிடம் சொன்னது: "மாவு ஆட்டி வெச்ச பொறவு வந்து அடைன்னு சொன்னா எங்கக்கா கொண்டு போய்க் கொட்டுகது?" மே 10-லிருந்து காலை 6 முதல் 10, பகல் 12 முதல் 3, ராத்திரி 6 முதல் 9 என்று பார்சல் கொடுத்து ஓட்டியிருக்கிறார். வேலைக்கு இருந்த அஸ்ஸாம் பையன்கள் இரண்டு பேர் போன வருஷம் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, இந்த மே மாதம் மறுபடியும் போய்விட்டார்கள்.

இந்த 2021 ஆகஸ்டில் பயம் எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஓணம் முடிந்ததும் கேரளத்தில் தினமும் 30 ஆயிரத்துக்கு மேல் எண்ணிக்கை ஏறிவிட்டது, தமிழ்நாடு முழுவதும் சேர்த்தே ஆயிரத்து ஐந்நூறு, அறுநூறு என்றுதான் இருக்கிறது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி முதல் கேரளத்திலிருந்து வருகிறவர்கள் பரிசோதனைச் சான்றோ இரண்டு ஊசி போட்ட சான்றோ காட்ட வேண்டும் என்கிறார்கள். களியக்காவிளையில் எல்லைக்கு இந்தப் பக்கம் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம், அந்தப் பக்கம் ஹாலுக்குள் உட்கார முடியாது. இதையே காரணம் காட்டி நம் மாவட்டத்து ஓட்டல்களையும் மறுபடி பார்சலுக்கு மாற்றிவிடுவார்கள் என்று மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்தில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் கேரளத்துக்காரர்கள் செய்த ஒரு காரியத்தையும் பார்க்கலாமே. ஜூன் கடைசியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன் ஓட்டல்களில் காருக்குள்ளேயே சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுக்கிற திட்டத்தை ஆரம்பித்தது. கார் இல்லாதவர்களுக்கு அது உதவாது, எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். ஆனாலும் யோசனை சரியான பக்கம் போகிறது.

நான் கேட்பது இன்னும் எளிது. மேஜையை வெளியே போட அனுமதியுங்கள். நாகர்கோவிலைத் தாண்டினால் சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் என்று வழிநெடுக ஓட்டல்களுக்கு முன்னாலோ பின்னாலோ இடம் கிடக்கிறது. அந்த இடத்தில் நாலு பெஞ்சு போட்டால் ஆக்கிரமிப்பு என்று எடுக்கச் சொல்கிறவர்கள், ரோட்டை அடைக்காத இடமாக இருந்தால் இந்த ஆறு மாதத்துக்காவது விட்டுவிடலாம். வெளியே போடுகிற மேஜையைப் பாதிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உள்ளே ஜன்னல் திறக்காத ஹால் என்றால் பாதி என்ன, கால்வாசிதான் என்று சொல்லட்டும். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள், தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் வந்து நனைக்கிற மாவட்டம் இது. தலைக்கு மேலே ஓலையோ தகரமோ இருக்கட்டும், பக்கத்தில் தட்டி கட்டாமல் இருந்தால் போதும். நம் தாத்தா காலத்து டீக்கடை எல்லாம் அப்படித்தானே இருந்தது.

ஓட்டல் தொழிலாளர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போடுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் ஊசி போட்டு 84 நாள் ஆகாமல் கோவிஷீல்டு இரண்டாவது ஊசி கிடைக்காது என்று இந்த 2021-இல் விதி இருப்பதால் கொட்டகை மாஸ்டர் இன்னும் காத்திருக்கிறார். முகாம் நடப்பது காலையில். காலை நாலு மணிக்கு எழுந்து மாவு பிசைகிறவன் எப்போது போய் வரிசையில் நிற்பான்? ராத்திரி கடை அடைத்த பிறகோ, மத்தியானம் மூன்று மணிக்கு ஓய்வு நேரத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்காரர்கள் சாலையோர ஓட்டல்களுக்கே ஒரு வண்டியில் வந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

நாமும் கொஞ்சம் திருந்த வேண்டும்தான். ஒருவர் ரசம் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கத்தைக் கொரோனாகூட மாற்றவில்லை. சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் வீடியோ பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பார்சல் வாங்கப் போகிறவர்கள் வீட்டில் இருந்து தூக்குச்சட்டி கொண்டுபோனால் என்ன குறைந்துவிடும்? பிளாஸ்டிக் பையை 2019 ஜனவரி முதலே தடை செய்தாயிற்று, ஆனால் இந்த ஒன்றரை வருஷத்தில் கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பையில் ஊற்றி நூல் சுற்றிக் கொடுப்பது திரும்ப வந்துவிட்டது. வாழைத்தோட்டத்துக்கும் இலைக்கும் பஞ்சமில்லாத மாவட்டத்தில் இது அசிங்கம்.

கடைசியாக ஒன்று. கண்ணாடி ஓட்டலோ கொட்டகையோ, எங்கே போனாலும் கை கழுவுகிற இடம் ஒரு மூலையில்தான் இருக்கிறது. ஹாலில் ஆறடி இடைவெளி விட்டு உட்கார்ந்த அத்தனை பேரும் மாஸ்க் இல்லாமல் அந்தச் சந்துக்குள் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு வாய் கொப்பளித்துத் துப்புகிறோம். சோதனைக்குப் போகிற சுகாதார ஆய்வாளர்கள் அடுத்த முறை அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதற்குப் பதிலாக அங்கே போய் ஐந்து நிமிஷம் நிற்கட்டும், குழாயை வெளிப்பக்கம் மாற்றினால்தான் அனுமதி என்று சொல்லட்டும். ஒரு பிளம்பரின் அரை நாள் வேலை அது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பார்வதிபுரம், நாகர்கோவில்.
28.8.2021