செல்விக்கு ஆறு கேள்விக்குறி

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டாமல் ஒருவழியாக டாக்டரைப் பார்த்தாயே, சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆடி பிறந்துவிட்டதால் மச்சானுடைய பாத்திர வாடகைக் கடையில் கல்யாண ஆர்டர் இல்லை. கோயில் கொடைக்கு மட்டும் வார்ப்பும் அண்டாவும் போய் வருகின்றன. இந்த ஓய்வில் கடை நோட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பெயரையும் ரசீதையும் சேர்த்துவைக்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், அதோடு பேசும் புரோகிராம் எழுத பிஎச்பி மொழி. காலேஜ் லேபில் நாம் பிஎச்பியிலிருந்து மைஎஸ்க்யூஎல்லுக்குக் கனெக்ட் செய்த பழைய கட்டளைகள் இப்போது கிடையாது. 2015இல் பிஎச்பி 7 வந்தபோதே எடுத்துவிட்டார்கள். டேட்டாபேஸோடு இணைக்க பிஎச்பியே தரும் பிடிஓ வழியாகத்தான் போனேன். மெஷின் பெயர், டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் கனெக்‌ஷன் கிடைத்தது. ஆங்கிலத்தில் இரண்டு பெயர் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காக வந்தது. மச்சானிடம் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். அவர் மதியம் முழுக்க உட்கார்ந்து நாற்பது பெயரைத் தமிழில் ஏற்றியிருக்கிறார். சாயங்காலம் பட்டியலைத் திறந்தால் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை, வரிசையாகக் கேள்விக்குறிகள். செல்வி என்ற பெயருக்கு ஆறு.

“மூணெழுத்துக்கு எதுக்குடே ஆறு?” என்றார். நல்ல கேள்வி. கம்ப்யூட்டருக்கு அந்தப் பெயர் ச, ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி, வ, மேல்விலங்கு என்று ஆறு துண்டு. துண்டுக்கு ஒரு கேள்விக்குறி.

காரணம் என் சோம்பல்தான். நான் வாடகைக்கு எடுத்த சர்வரில் இருந்தது மைஎஸ்க்யூஎல்லின் பழைய 5.5 பதிப்பு. அதில் டேபிள், அதாவது தகவல் கட்டம், போடும்போது எழுத்துவகையை நாம் சொல்லாவிட்டால் லத்தீன்1 என்று எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் எழுத்தே கிடையாது, வரிசைமுறையும் ஸ்வீடிஷ். மைஎஸ்க்யூஎல் பிறந்தது ஸ்வீடனில் அல்லவா! தூத்துக்குடி அண்டாவுக்கு ஸ்வீடன் அகரவரிசை. தமிழும் அடங்கும் யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துவகை 8.0 பதிப்பிலிருந்துதான் தானாகவே வருகிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், திரும்ப எடுத்துக் காட்டும்போது மட்டும் கேள்விக்குறி வந்தால் பிழைத்தோம், உள்ளே பெயர் பத்திரமாக இருக்கும். எனக்கு எழுதும்போதே போய்விட்டது. ஸ்ட்ரிக்ட் மோடு போட்டிருந்தால் தப்பு என்று அப்போதே கத்தியிருக்கும். இது கேள்விக்குறியை எழுதிவிட்டுக் கமுக்கமாக இருந்துவிட்டது. நோட்டு கையில் இருந்ததால் மறுபடி அடித்தோம். இப்போது டேபிளிலும் கனெக்‌ஷன் வரியிலும் யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லியிருக்கிறேன். வெறும் யூடிஎஃப்8 போட்டாலும் தமிழ் நிற்கும், அதற்கு நான் சொன்ன துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் இடம் போதும். ஆனால் மச்சான் மகள் குறிப்புக் கட்டத்தில் ஸ்மைலி போடுகிறாள், அதற்கு நான்கு வேண்டும்.

மறுநாள் டி குரூஸ் வந்தார், ஐம்பது பந்திக்கரண்டி வேண்டும் என்று. பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வருமே, அதில் குவெரி, அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை, உடைந்தது. பழைய பழக்கத்தில் பெயரை அப்படியே குவெரிக்குள் ஒட்டியிருந்தேன். அந்தக் குறியோடு பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, மீதியைக் கட்டளை என்று நினைத்துத் தடுமாறியிருக்கிறது. பாவம், அவர் கரண்டி கேட்டார். விஷமம் தெரிந்தவன் அதே இடத்தில் எழுதினால் வாடிக்கையாளர் பட்டியல் மொத்தமும் அவன் கைக்குப் போய்விடும். எல்லாவற்றையும் பிரிப்பேர் செய்து அனுப்பும்படி மாற்றினேன்: குவெரியில் பெயர் வரும் இடத்தில் ஒரு கேள்விக்குறி, பெயர் தனியாகப் பின்னால் போகும். செல்வியை அழித்த அதே குறி இப்போது டி குரூஸுக்கு இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் ஒன்று, பிடிஓ இப்படித் தனித்தனியாக மைஎஸ்க்யூஎல்லுக்கு அனுப்பாமல், பெயரைத் தானே குவெரிக்குள் ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எமுலேட் என்ற அந்த அமைப்பை அணைத்துவை.

திரும்பி வராத சாமான் பட்டியல்தான் மச்சானுக்கு உயிர். அது திறக்க ஆமை வேகம். முந்நூறு ரசீதை ஒரு குவெரியில் எடுத்து, ஒவ்வொரு ரசீதின் பாத்திரத்துக்கும் லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப, தனித்தனிக் குவெரி போட்டிருந்தேன், ஆக 301. அவரிடம் சொன்னதும், “கோடவுனுக்குப் பையனை ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு தடவை அனுப்புவியா? மொத்தத்தையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடு” என்றார். இரண்டு டேபிளை ஒரே குவெரியில் சேர்த்து எடுக்கும் ஜாயின் என்பதை யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அப்படியே மாற்றி, சீக்கிரம் தேடியெடுக்க ரசீது எண்ணுக்கு இண்டெக்ஸும் போட்டேன். இப்போது கண் சிமிட்டுவதற்குள் வருகிறது.

பாஸ்வேர்டு இன்னும் புரோகிராமுக்குள்ளேயே கிடக்கிறது, அதைத் திறப்பவர் யாருக்கும் தெரியும். திட்டாதே, இந்த வாரம் வெளியே எடுத்துவிடுவேன்.

பனிமய மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டது. ஆகஸ்ட் 5 திருவிழா, வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா. அன்று மதியம் டி குரூஸ் வீட்டில் சாப்பாடு. கரண்டியை அரை மணி நேரம் தாமதமாகக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போனவனைக் கூப்பிட்டிருக்கிறார். நீயும் வருகிறாய் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சங்கரன்