செலினுந்தேக்கு அரை நாள் போதாது, கயல்

அன்புள்ள கயல்,

சிசிலிப் பயணத்தில் அக்ரிஜெந்தோவுக்கு ஒரு முழு நாள், தென்மேற்குக் கரையில் இடிந்து கிடக்கும் பழைய கிரேக்க நகரமான செலினுந்தேக்கு மத்தியானத்துக்குப் பிறகு அரை நாள் என்று திட்டம் போட்டிருக்கிறாய். அந்த அரை நாளை ஒன்றரை நாளாக்கிக்கொள். அக்ரிஜெந்தோவைக் குறைக்கச் சொல்லவில்லை. வேறு எங்கிருந்தாவது எடு. கட்டடக்கலை படிக்கிற பெண், கிரேக்கக் கோயில் எப்படி எழுந்தது என்பதைக் கல் வெட்டிய இடம் தொடங்கிக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் மத்தியதரைக் கடற்கரையில் கிடைப்பது கடினம்.

வருகிறவர்களில் பலர் வாசலில் இறங்கி, தூக்கி நிறுத்திய ஒரு கோயிலைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும் கற்களை 'இடிபாடு' என்று தாண்டிப் போகிறார்கள். விழுந்து கிடப்பதில்தான் பாடம் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் தூணின் தலையையும் வயிற்றையும் உன்னால் பார்க்க முடியாது. விழுந்த தூண் எல்லாவற்றையும் காட்டும்.

முதலில் பலெர்மோவில் சலினாஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போ. பொதுவாகத் திங்களன்று விடுமுறை, அதைப் பார்த்து நாளைக் குறி. செலினுந்தே கோயில்களின் சிற்பப் பலகைகளில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன. அங்கே கோயில்களை எழுத்துகளால்தான் குறிப்பார்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். 'சி' கோயிலின் பலகைகளை 1823-ல் சாமுவேல் ஏஞ்சல், வில்லியம் ஹாரிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் தோண்டி எடுத்தார்கள். ஹாரிஸ் அங்கே பிடித்த மலேரியாவிலேயே இறந்துபோனார். அந்தப் பலகைகளில் கிரேக்கப் புராண வீரன் பெர்செயுஸ், அரக்கி மெதூசாவின் தலையை அறுக்கும் காட்சியின் முன் கொஞ்ச நேரம் நில். கால்கள் பக்கவாட்டில் நடக்கின்றன, முகங்கள் மட்டும் நேராக உன்னைப் பார்க்கின்றன. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் கை அது. பிறகு 'ஈ' கோயிலின் பலகைகளுக்கு வா, சுமார் நூறு ஆண்டு தள்ளி. அங்கே பெண்களின் முகம், கை, பாதம் மட்டும் வெள்ளைப் பளிங்கு; மற்றதெல்லாம் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். பளிங்கு கடல் கடந்து வரவேண்டும், விலை அதிகம். அதனால் தோல் தெரியும் இடத்துக்கு மட்டும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டின கோட்டைத் தேடிப் பார், கண்ணுக்குத் தெரியும்.

அன்று மாலைக்குள் செலினுந்தேக்கு அருகிலுள்ள ஊரான காஸ்தெல்வெத்ரானோ பக்கம் போய்ச் சேர்ந்துவிடு. பலெர்மோவிலிருந்து ஏ29 நெடுஞ்சாலையில் காரில் ஒன்றரை மணி நேரம். கார் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காஸ்தெல்வெத்ரானோ வரை வந்துவிட்டால் கோயில்களுக்கு உள்ளூர்ப் பேருந்து இருக்கிறது, ஞாயிறு தவிர்த்தால் சமாளித்துவிடலாம். ஆனால் அடுத்து நான் சொல்லப்போகும் கல்குவாரிக்குப் பேருந்தை நம்ப முடியாது.

அதன் பெயர் காவே தி கூசா. காம்போபெல்லோ தி மசாரா என்ற ஊரின் அருகே, கோயில்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆலிவ் மரங்களுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் பாறைத் திட்டு. திறந்திருக்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். தங்கும் இடத்தில் காலையிலேயே போன் போட்டுக் கேட்டுக்கொள். சாய்ந்த வெயிலில் போவது நல்லது. உச்சி வெயிலில் பாறை வெள்ளையாகத் தட்டையாகிவிடும், பிக்காசுத் தடங்கள் தெரியாது.

செலினுந்தேயின் மிகப் பெரிய கோயிலான 'ஜி'க்குத் தூண் உருளைகள் வெட்டிய இடம் இது. கி.மு. 409-ல் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் படை நகரத்தைத் தாக்கியதும் வேலை நின்றது, நின்ற நிலையிலேயே இன்றும் இருக்கிறது. அதனால் ஒரு உருளை பிறப்பதன் எல்லாப் படிகளையும் ஒரே நடையில் பார்க்கலாம். முதலில் பாறையின் மேல் வட்டம் கீறிக்கொள்வார்கள். வட்டத்தைச் சுற்றி அரை மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் இறக்குவார்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து பிக்காசு வீச அவ்வளவு இடம் போதும். அதைவிட அகலமாக வெட்டினால் உழைப்பும் கல்லும் வீண். பள்ளம் ஆழமாக ஆக உருளை தானாக நடுவில் எழுந்து நிற்கும். கடைசியில் அடியைச் சுற்றிக் குடைந்து ஆப்பு இறக்கிப் பிரிப்பார்கள்.

ஒரு பள்ளத்துக்குள் முடிந்தால் இறங்கி நில், வேலி போட்டிருந்தால் விளிம்பிலிருந்தே பார். சுவரில் சாய்வான கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, விரல் அகல இடைவெளியில் இறங்கும். ஒவ்வொரு கோடும் ஒரு வீச்சு. சில இடங்களில் கோட்டின் சாய்வு திடீரென மாறும். வெட்டுகிறவர் அங்கே நிற்கும் நிலையையோ கையையோ மாற்றியிருக்க வேண்டும்.

கனத்தையும் கணக்குப் போட்டுப் பார். குறுக்களவு 3 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்றால் 14 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் என்று குறைத்தே வைத்தாலும் 25 டன். இதை எப்படி உருட்டினார்கள் என்று இங்கே யாரும் எழுதிவைக்கவில்லை. எபேசு என்ற கிரேக்க நகரின் கோயிலுக்குத் தூண் கொண்டுவந்த முறையைப் பழைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ் விவரிக்கிறார்: இரண்டு முனையிலும் இரும்பு முளையை ஈயம் ஊற்றிப் பொருத்தி, மரச்சட்டத்தில் கோத்து, மாடு பூட்டி உருளையையே சக்கரமாக இழுத்தார்கள். இங்கும் அதுபோல ஏதோ ஒன்றுதான் நடந்திருக்கும்.

மறுநாள் காலை வாசல் திறக்கும்போதே செலினுந்தேக்குப் போய்விடு. கோயில்களின் முகப்பு கிழக்கே; காலை வெயில்தான் முகப்பில் விழும். பூங்கா சுமார் 270 ஹெக்டேர், நிழல் கிட்டத்தட்டக் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கால் சட்டை, மூடின ஷூ. செருப்புப் போட்டுப் போகாதே: காய்ந்த புல்லில் முள் இருக்கும், கற்களுக்கு இடையே கால் மாட்டும். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ போனால் புல் பச்சையாக இருக்கும். ஊருக்குப் பெயர் கொடுத்த செலினோன் என்ற காட்டுச் செலரியையும் ஓடைப் பக்கம் தேடலாம். அந்த இலையைத்தான் தங்கள் காசில் பொறித்தார்கள். கிழக்குக் குன்றிலிருந்து கோட்டைக் குன்றுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. மின்வண்டி ஓடும், தனிக் கட்டணம். வெயில் ஏறிவிட்டால் கூச்சப்படாமல் ஏறிக்கொள்.

கோயில்களுக்கு ஏன் எழுத்துகள் பெயராக இருக்கின்றன என்று கேட்டிருந்தாய். எந்தக் கோயில் எந்தக் கடவுளுக்கு என்பது பெரும்பாலும் உறுதியாகத் தெரியாததால்தான். 'ஈ' மட்டும் ஹேரா தேவிக்கு என்று அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டை வைத்துச் சொல்கிறார்கள்.

உள்ளே போனதும் கிழக்குக் குன்றில் 'ஈ' உன்னை இழுக்கும். இழுக்கட்டும், ஆனால் முதலில் 'ஜி'க்குப் போ. நேற்றுப் பார்த்த உருளைகள் வந்து சேர்ந்த இடம் அது. சுமார் 110 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். முகப்பில் 8, பக்கத்தில் 17 தூண்கள். தூணின் உயரம் 16 மீட்டருக்கு மேல். நூறு ஆண்டுக்கு மேல் கட்டியும் முடியவில்லை. கிழக்கிலிருந்து கட்டத் தொடங்கியதால் அந்தப் பக்கத் தூண்கள் பழைய பாணி, மேற்குப் பக்கத் தூண்கள் புதிய பாணி. விழுந்து கிடக்கும் போதிகைகளை, அதாவது தூண்களின் தலைக் கற்களை, ஒப்பிட்டுப் பார்: பழையது தட்டுப்போல அகலமாகப் பரவும், புதியது இறுகி நிமிரும். பல உருளைகளில் நெடுக்கு வரிப்பள்ளங்களே இல்லை, மொழுமொழுவென்று இருக்கும். வரிகளைத் தூண் நின்ற பிறகுதான் மேலிருந்து கீழாக வெட்டுவார்கள். முன்பே வெட்டினால் உருட்டும்போது விளிம்பு உடையும், அடுக்கும்போது கோடு கோட்டோடு சேராது. தனியாக நிற்கும் ஒரு தூணை 'கிழவியின் நூற்புக்கதிர்' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நிறுத்தியது அது.

இனி 'ஈ'. 6-க்கு 15 தூண்கள், உயரம் சுமார் 10 மீட்டர். 1956 முதல் 1959 வரை விழுந்த கற்களைக் கொண்டே மறுபடி நிறுத்தினார்கள். இடையே கான்கிரீட்டும் கலந்தார்கள், அதைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. நிறுத்தியது சரி என்பதே என் எண்ணம். அந்த உயரத்தை வரைபடத்தில் உணர முடியாது. ஆனால் எது பழைய கல், எது ஒட்டு என்பதை நிறத்தையும் பரப்பையும் வைத்துப் பிரித்துப் பார்க்கப் பழகு. உள்ளே விட்டால் முகப்பிலிருந்து கருவறை வரை நடந்து பார். தரை படிப்படியாக உயரும். வழிபாடு மட்டும் வெளியே, கிழக்கில் இருந்த பலிபீடத்தில் நடந்தது. கூட்டம் நின்றதும் அங்கேதான். வெளிச்சுற்றுத் தூண்களுக்கு இவ்வளவு உழைப்பு கொட்டியதற்கு அதுவே காரணம்.

'எஃப்' சிதைந்தது அதிகம், வேகமாகக் கடந்துவிடலாம்.

கோட்டைக் குன்றில் 'சி' கோயிலின் வடபக்கத் தூண் வரிசையை 1925 முதல் 1927 வரை நிறுத்தினார்கள். தென்பக்கத்துக்கு வா. வெட்டிய வெள்ளரித் துண்டுகள்போல உருளைகள் வரிசையாகச் சரிந்து கிடக்கும். போர் இப்படி இடிக்காது. நிலநடுக்கம் ஒரே திசையில் உலுக்கிச் சாய்த்திருக்கிறது. பைசாந்திய காலத்தில் இங்கே குடியிருந்தவர்களின் வீடுகள்மேல் கோயில் விழுந்திருப்பதும் அதற்குச் சான்று. 409-ல் கார்த்தேஜ் கொன்றது மனிதர்களை. பதினாறாயிரம் பேர் மாண்டார்கள், ஐயாயிரம் பேர் சிறைப்பட்டார்கள், 2,600 பேர் அக்ரிஜெந்தோவுக்குத் தப்பினார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். உருளைகளின் வயிற்றில் நடுவே சதுரக் குழி ஒன்று தெரியும். மேல் உருளையும் கீழ் உருளையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமலிருக்க மரமுளை வைத்த இடம் அது.

கடைசியாக, பக்கத்திலுள்ள 'ஏ' கோயிலின் தரை. முன்மண்டபத்துக்கும் கருவறைக்கும் நடுவே குனிந்து பார்: முக்கோணம், மேலே ஒரு கோடு, அதன்மேல் ஒரு வட்டம். கார்த்தேஜின் தெய்வமான தானித் தேவியின் சின்னம். நகரத்தைப் பிடித்த கார்த்தேஜ்க்காரர்கள் கிரேக்கக் கோயிலின் தரையில் தங்கள் தெய்வத்தைப் பதித்து அங்கேயே வாழ்ந்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காக அந்தத் தரையைச் சில மாதம் மூடி வைப்பதுண்டு, வாசலிலேயே கேட்டுக்கொள்.

அங்கே வரைந்ததை எனக்கு அனுப்பு. போதிகைகள் இரண்டும், முடிந்தால் அளவோடு.

அன்புடன்,
சித்தி